உறுதிக்குள் ஒதுக்கிய முதுமை

இரத்மலானையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், எட்டுப் பத்துப் பேர்ச் காணிகளில் எழுந்த வீடுகள் நிறைய உண்டு. உத்தியோகத்துக்காகக் கொழும்புக்கு வந்த வடபகுதிக் குடும்பங்கள் வெள்ளவத்தை, தெஹிவளை என்று தெற்கே நகர்ந்து இங்கேயும் காணி வாங்கின. அப்படியொரு வீட்டைத் தாயோ தகப்பனோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது நொத்தாரிசு தயாரிக்கும் நன்கொடை உறுதி ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், அன்பினாலும் பாசத்தினாலும் கொடுக்கப்படுகிறது என்ற காரணம், இவை முதலில். காணியின் நான்கு எல்லைகளையும் விஸ்தீரணத்தையும் சொல்லும் அட்டவணை கடைசியில். நடுவே, கொடுப்பவர் தன் சீவியகாலம் முழுவதும் அந்த ஆதனத்தில் குடியிருக்கவும் அதன் வருமானத்தை அனுபவிக்கவும் உள்ள உரிமையைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறார் என்று ஒரு வசனம் வரும்.

சீவிய உரித்து என்று சனங்கள் சொல்வது அந்த வசனத்தைத்தான்.

அது இருந்தால் பிள்ளை ஆதனத்துக்குச் சொந்தக்காரன். ஆனால் பெற்றவரை வீட்டை விட்டு எழுப்ப முடியாது. வாடகைக்கு விட்டால் வாடகை பெற்றவருக்கு. பிள்ளை காணியை விற்றாலும், பெற்றவர் கண்மூடும்வரை வாங்கியவன் அந்த உரித்தைத் தாங்கியே ஆக வேண்டும். முதுமைக்கென்று காப்புறுதியோ அரசின் நீண்டகாலப் பராமரிப்புத் திட்டமோ இல்லாத நாட்டில், இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் தள்ளாத காலத்துக்குச் செய்துகொண்ட சட்ட ஏற்பாடு பெரும்பாலும் இந்த ஒற்றை வசனமே. அதன் பின்னால் நெடிய வரலாறு இருக்கிறது. அது எங்கே காப்பாற்றியது, எங்கே கைவிடுகிறது என்று தெரிந்துகொள்ள அந்த வரலாறு வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய ஏற்பாட்டில் முதுமைக்கெனத் தனியான விதி தேவைப்படவில்லை. சொத்துரிமையே அந்த வேலையைச் செய்தது. 1706 ஆகஸ்டில் ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணப்பட்டினத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அந்தப் பகுதித் தமிழரின் வழமைகளைத் தொகுத்தார். 1707 சனவரியில் தொகுப்பு முடிந்தது. பின்னர் அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டு, சரிதான் என்று அவர்களிடம் ஒப்புதல் வாங்கப்பட்டது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர்.

தேசவழமையில் சொத்து மூன்று வகை: பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்த தேடியதேட்டம். இந்த மூன்றுக்கும் நடுவே பெற்றோரின் இடம் உறுதியாக இருந்தது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்பிள்ளைகள் எதையும் உரிமை கோர முடியாது. மாறாக, கலியாணம் ஆகும்வரை அவர்கள் உழைத்ததெல்லாம், உடலில் அணியும் பொன் வெள்ளி நகைகள் நீங்கலாக, குடும்பச் சொத்தோடு சேர வேண்டும். பெற்றோரின் கடனும் ஆண்பிள்ளைகள் தலையில்தான். அவர்களுக்குச் சொத்து கிடைத்ததோ இல்லையோ, கடனுக்கு அவர்களே பொறுப்பு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் இறந்தால், மற்றவர் மறுமணம் செய்யாதவரை சொத்து அவர் கையிலேயே இருக்கும்.

பெண்பிள்ளைகளின் பங்கு சீதனமாகக் கலியாணத்தோடு போய்விடும். அதையும் பத்து வருடத்துக்குள் கையேற்காவிட்டால் உரிமை இழந்துபோகும் என்று வழமை கண்டிப்பாகச் சொன்னது. ஆனால் நடைமுறையில், சீதன வீட்டிலேயே பெற்றோரும் தங்கிவிடுவது யாழ்ப்பாணத்தில் சாதாரணம். கடைசி மகளுக்கு வீட்டை எழுதிவிட்டு, அதே வீட்டின் ஓர் அறையில் காலத்தைக் கழிப்பார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரி மகள். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருப்பவர் அப்பு. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நாளில் யாரும் எழுத்தில் வைக்கவில்லை. பார்க்காமல் விட்டால் ஊரே கேட்கும் என்ற நம்பிக்கை போதுமாக இருந்தது.

எழுத்தில் வைக்க வேண்டிய தேவையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கொண்டுவந்தது. 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியை விற்பதும் கொடுப்பதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதிய உறுதியால் மட்டுமே செல்லும் என்றது. மரணசாதனத்துக்கும் அதுவே வழி வகுத்தது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். 1844இன் 21ஆம் இலக்கச் சட்டம் தன் சொத்தை விரும்பியவருக்கு மரணசாதனத்தில் எழுதி வைக்கும் சுதந்திரத்தைத் தந்தது. வாய்ச்சொல்லிலும் ஊரின் நினைவிலும் நின்ற ஏற்பாடுகள் இப்படித்தான் முத்திரைத் தாளுக்கு வந்தன. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோம டச்சுச் சட்டத்தில் பிறர் ஆதனத்தை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை ஏற்கனவே இருந்ததால், சீவிய உரித்து அந்த உறுதிகளுக்குள் இலகுவாக நுழைந்தது.

கொழும்புக்கு வந்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது. தேசவழமை தங்களோடு கூடவே வருமா? 1913இல் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கில் உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. தேசவழமை தமிழர் என்ற இனம் முழுவதற்குமான வழமை அல்ல; ஓர் இடத்தின் வழமை. அந்த இடத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்களையே அது கட்டுப்படுத்தும். ஆகவே கொழும்பில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்துக்கு 1876இன் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். ஊரை இன்னமும் வீடாகக் கருதுபவருக்கு 1911இன் 1ஆம் இலக்க யாழ்ப்பாணச் சட்டம். ஒருவரின் முதுமைக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது, அவர் மனதில் எந்த இடம் வீடு என்பதைப் பொறுத்ததாயிற்று. இன்றும் கொழும்பில் சொத்து வழக்குகளில் இந்தக் கேள்வி எழுகிறது.

காணியை நம்பாமல் முதுமைக்கு வழி தேடியவர்களும் இருந்தார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது ஓய்வூதியத்தை மனதில் வைத்துத்தான். அரசாங்க உத்தியோகத்தர் இறந்தபின் அவர் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்று 1898இன் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி உருவானது. உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசு, பின்னாளில் அவர் மனைவிக்குத் திரும்பி வந்தது. அரசாங்க சேவையில் இருந்த பெண்களின் கணவன்மாருக்கு இதே உரிமை கிடைக்க 1983வரை, அந்த ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. தனியார் துறையில் வேலை செய்தவருக்கு 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. அது ஒரே தடவையில் கையில் வரும் பணம். மகளின் கலியாணத்துக்கோ வீட்டுத் திருத்தத்துக்கோ அது போய்விட்டால், எழுபத்தைந்து வயதில் படுக்கையில் விழும்போது மாதாமாதம் வருவதற்கு ஒன்றும் இருக்காது.

காணியும் உத்தியோகமும் இல்லாதவருக்குக் கொழும்பில் தர்மமே துணை. 1831இல் தொடங்கிய கொழும்பு நட்புதவிச் சங்கம் நகரத்து ஏழைகளுக்கு உதவியது. அதே சங்கம் 1985 முதல் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் செய்து கொடுத்து, காலை இழந்த ஏராளமானோரை நடக்க வைத்திருக்கிறது. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியர் சபையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருதானைப் பக்கம் முதியோர் இல்லம் திறந்தார்கள். 1939இன் ஏழைகள் சட்டத்தின் மூலமே, ஆதரவற்ற முதியவரைப் பார்ப்பது மாநகர சபையின் கடமை என்று எழுத்தில் வந்தது.

இரத்மலானைக்கு இந்த வரலாற்றில் வேறொரு வழியாலும் இடம் உண்டு. 1912இல் மேரி சாப்மன் என்ற இங்கிலாந்து மிஷனரிப் பெண் காது கேளாத, கண் பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். தெஹிவளையில் ஆரம்பித்த அந்தப் பள்ளி பின்னர் இரத்மலானைக்கு வந்து, நாடெங்கிலுமிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தார்கள். 1950களில் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பள்ளி தோன்றிய பிறகு வடக்குப் பிள்ளைகளுக்கு அருகிலேயே வழி பிறந்தது.

பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது, கைத்தொழிலைக் கொடுத்தது. ஆனால் அங்கே பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோரின் நெஞ்சில் கிடந்த கேள்விக்குப் பள்ளிக்கூடத்தால் பதில் சொல்ல முடியாது. எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? சுயமாக வாழ்ந்துகொள்ளக்கூடிய காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளைவிட, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

அந்நாளில் சொத்துள்ள குடும்பங்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தன. உரோம டச்சுச் சட்டப்படி ஆதனத்தை மூத்த மகனுக்கு எழுதும்போதே, அது விற்கப்படாமல் இன்னாருக்குப் பின் இன்னாருக்குப் போக வேண்டும் என்று கட்டுப்பாடு போடலாம். வீடும் காணியும் கைமாறிப் போகாமல் குடும்பத்துக்குள்ளேயே நின்றதால், இயலாத பிள்ளைக்குத் தங்க ஓர் இடம் நிச்சயம். அந்த ஏற்பாட்டால் காணிகள் தலைமுறை தலைமுறையாக முடங்குகின்றன என்று 1972இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதை அடியோடு நீக்கியது. காணிச் சந்தைக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம். இயலாத பிள்ளையை வைத்திருந்த குடும்பங்கள் நம்பிய ஒரு சட்டக் கருவி அதோடு போனது.

மிஞ்சியது 1917இன் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். ஆதனத்தையோ பணத்தையோ நம்பிக்கையான ஒருவரின் பொறுப்பில் வைத்து, அதன் பயன் இன்ன பிள்ளைக்கே என்று எழுதலாம். குடும்பத்தில் யாரையும் நம்ப முடியாவிட்டால் 1922இல் உருவான பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் அலுவலகம் இருக்கிறது. நூறு வருடமாகக் கையில் இருக்கும் இந்த வழியைப் பற்றி நம் குடும்பங்களுக்குள் பேச்சே இல்லை. தம்பி பார்ப்பான், தங்கச்சி பார்ப்பாள் என்று சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். 1999இன் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், வயது வந்த பிறகும் இயலாத பிள்ளைக்குப் பெற்றோரிடம் பராமரிப்புச் செலவு கோர இடமளித்தது. பெற்றோர் இறந்த பின் தம்பியிடமோ தங்கச்சியிடமோ அப்படிக் கோர அதில் வழியில்லை.

1983 ஆடியில் இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரே கிழமையில் ஆட்டம் கண்டன. கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. இரத்மலானை விமான நிலையக் கொட்டகைகளிலும் இந்துக் கல்லூரியிலும் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகத் தங்கினார்கள். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களும் உண்டு. கட்டிய துணியோடு ஓடியவர்களின் அலுமாரியில் இருந்த உறுதிகளும் நெருப்பில் போயின. ஆனால் நொத்தாரிசு முறையின் ஒரு பழைய ஒழுங்கு அப்போது கைகொடுத்தது. ஒவ்வோர் உறுதியும் மூன்று பிரதியாக எழுதப்படும்: ஒன்று உரியவரிடம், ஒன்று நொத்தாரிசின் கோவையில், ஒன்று காணிப் பதிவகத்தில். வீடு எரிந்தாலும் வீட்டின் உரிமை பதிவகத்துப் பேரேட்டில் மிஞ்சியது. பின்னாளில் காணியை விற்கவோ திரும்பக் கட்டவோ அந்தப் பிரதியைத்தான் தேடிப் போனார்கள்.

எரியாமல் தப்பிய வீடுகளில் வேறு மாற்றம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் போனார்கள். தேசவழமைக் காலத்தில் விறாந்தையில் இருந்த அப்புவைப் பார்க்க மகள் அதே வீட்டில் இருந்தாள். இப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் அம்மாவை மகள் பார்ப்பது தொலைபேசித் திரையில். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த பிள்ளைக்குக் காணி எழுத முடியுமா என்ற பயமும் சேர்ந்தது. வெளிநாட்டவருக்குக் காணி உடைமை மாற்றுவதை 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் தடுத்தாலும், நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ மரபுரிமையாகவோ போவதற்கு அது விலக்களித்திருக்கிறது. அந்த விலக்கு தெரியாமல், அவசரத்தில் வேறு யாருடையவோ பெயரில் வீட்டை எழுதிவிட்டுப் பின்னால் துன்பப்பட வேண்டியதில்லை.

வீட்டை வாங்கிக்கொண்டு பெற்றவரைக் கைவிட்டால் என்ன செய்வது? கண்டிச் சட்டம் இதற்கு எளிய விடை வைத்திருந்தது. அங்கே நன்கொடை பெரும்பாலும், கொடுத்தவரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற எதிர்பார்ப்பில் கொடுப்பது. பார்க்காவிட்டால் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வார். 1938இன் 39ஆம் இலக்கச் சட்டம்கூட, அந்த உரிமையைத் தெளிவாகக் கைவிட்டு எழுதாதவரை, கண்டிச் சிங்களவர் தம் நன்கொடையைத் திரும்பப் பெறலாம் என்று உறுதிசெய்தது. தமிழருக்கும் கரையோரச் சிங்களவருக்கும் பொருந்தும் பொதுச் சட்டத்தில் நன்கொடை கொடுத்தது கொடுத்ததே. பெற்றவரை அடித்தால், உயிருக்கு உலை வைத்தால், கடுமையாக அவமதித்தால், பெருமளவு நன்றியின்மை என்ற காரணத்தில் அதை இரத்துச் செய்யலாம். 2017இன் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மீளப்பெற முடியாதென்று எழுதிய நன்கொடையை இரத்துச் செய்ய நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். எண்பது வயதில் சொந்தப் பிள்ளைக்கு எதிராக வழக்குப் போட்டு, சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததைச் சொல்ல வேண்டும். மனம் வந்தாலும் உடல் ஒத்துழைக்காது.

2000இன் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இதைவிட இலகுவான ஒரு கதவைத் திறந்தது. பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது, அவர்களைப் பார்ப்பதும் அவர்கள் தேவைகளைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமை என்று அது நேராகவே சொல்கிறது. அறுபது வயதைக் கடந்து தம்மைத் தாமே பராமரிக்க இயலாதவர், அந்தச் சட்டத்தில் அமைந்த பராமரிப்புச் சபையிடம் பிள்ளைகளுக்கு எதிராக முறையிடலாம். தமிழ்நாட்டிலோ 2007ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த ஆதனத்தை, பார்க்காத பிள்ளையிடமிருந்து தீர்ப்பாயமே இரத்துச் செய்யலாம். இலங்கைச் சட்டத்தில் அந்த வலு இல்லை.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களின் ஆயுள் கூடக் கூட, சீவிய உரித்து எதிர்பாராத ஒரு நிலைமை முன்னே வந்து நிற்கிறது. ஒதுக்கி எழுதும்போது அந்தத் தகப்பன் நினைத்தது, தான் வீட்டில் இருப்பான், ஒருநாள் இறப்பான் என்று. பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் படுக்கையில் கிடப்பதையோ, மறதி நோயில் மகளின் பெயரையே மறப்பதையோ அந்த உறுதி கணக்கில் எடுக்கவில்லை. இரவு பகல் பார்க்க ஆள் வேண்டும், மருந்து வேண்டும், மெத்தை மாற்ற வேண்டும். வீட்டை விற்றுச் செலவழிக்கலாம் என்றால் சொந்தக்காரன் மகன். அவன் கையெழுத்து இல்லாமல் முடியாது. வாடகை வருமானம் எடுக்கலாம் என்றால், வீட்டில் நோயாளி இருக்கிறார்.

மகளுக்குக் கொடுத்த அற்றோர்ணித் தத்துவம் இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். கொடுத்தவரின் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர். மறதி நோய் முற்றி, அவர் தானே முடிவெடுக்க இயலாமல் போனதும், உண்மையில் தேவைப்படும் அந்த நேரத்தில், அது செல்லாததாகிவிடும். அதன் பிறகு உள்ள வழி 1889இன் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை காட்டும் வழியே. இரத்மலானை வீடென்றால் கல்கிசை மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, மனநிலை விசாரணை நடத்தி, ஆதனத்தைக் கவனிக்க ஒரு முகாமையாளரை நியமிக்கக் கேட்க வேண்டும். பித்துப் பிடித்தவரின் சொத்தைக் காக்க விக்டோரியா காலத்தில் எழுதிய நடைமுறை அது. நேற்றுவரை குடும்பத்தை நடத்திய ஒரு தாயை அந்த வரிசையில் நிறுத்துவது பிள்ளைகளுக்கு உயிரை அறுக்கிற வேலை.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனே நினைவிழந்து படுத்திருந்தால், அவர் வைத்தியச் செலவுக்குத் தன் காணியை விற்பதற்கும் அவள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். இது இன்றும் மாற்றப்படாமல் கிடக்கும் அநியாயம்.

வேறு நாடுகள் இந்த இடத்தைக் கடந்துவிட்டன. சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி, புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒருவர் தனக்கு இயலாத காலத்தில் முடிவெடுக்க யார் என்பதை எழுதி வைக்கலாம். அவர் நினைவிழக்கும் நாளில்தான் அந்தப் பத்திரம் வேலை செய்யத் தொடங்கும். இந்தியாவின் 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்து, ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள, வயது வந்த பிள்ளைக்குச் சட்டபூர்வ பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். இலங்கை 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. சட்டத்தின் முன் அவர்களுக்குச் சமமான ஆளுமை உண்டு என்று ஒப்புக்கொண்ட நாடு, அதற்கேற்ற பாதுகாவலர் சட்டத்தை இன்னும் கொண்டுவரவில்லை.

அது வரும்வரை, இருக்கும் கருவிகளைக் கொண்டாவது குடும்பங்கள் முன்கூட்டியே அமர்ந்து பேச வேண்டும். வீட்டை எழுதும்போது சீவிய உரித்தோடு நிற்காமல், பெற்றவரின் பராமரிப்புச் செலவை இன்னார் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நொத்தாரிசிடம் சொல்லி எழுதுவிக்கலாம். முழு ஆதனத்தையும் கொடுக்காமல் ஒரு பங்கை மரணசாதனத்துக்கு விட்டு வைக்கலாம்; உயிரோடிருக்கும்வரை மரணசாதனத்தை மாற்றி எழுதும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். இயலாத பிள்ளை உள்ள வீட்டில், தம்பியின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாக நம்பிக்கைப் பொறுப்பு உறுதி ஒன்றை எழுதி வைக்கலாம். அரசாங்க ஓய்வூதியக்காரர், அந்தப் பிள்ளைக்கு அநாதைகள் ஓய்வூதியம் தொடர என்னென்ன மருத்துவச் சான்றுகள் தேவை என்பதைத் தாம் உயிரோடிருக்கும்போதே விசாரித்து, கோவையில் சேர்த்து வைக்கலாம். இவற்றில் ஒன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. எழுதுபவரின் புத்தி தெளிவாக இருக்கும் காலத்திலேயே கையெழுத்து விழ வேண்டும் என்பது ஒன்றே எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை.